சென்னையிலிருந்து அக்ரி படிக்கப் போகிறவர்களுக்கு

வீட்டில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை, தாத்தா காலத்திலேயே ஊரை விட்டு வந்தாச்சு, நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது, நான் பி.எஸ்சி. அக்ரி எடுக்கலாமா? பிளஸ் டூ ரிசல்ட் வருகிற சமயத்தில் சென்னைப் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். எடுக்கலாம். தாராளமாக எடுக்கலாம். இந்தப் படிப்புக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளிதான் 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, கல்லூரியாக வளர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராமத்துப் பிள்ளை ஐந்து வயதில் பார்த்துப் பழகியதை நீங்கள் பதினெட்டு வயதில்தான் பார்க்கத் தொடங்குகிறீர்கள். நோட்ஸை மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கினாலும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும். வயலில் நின்று, விவசாயியிடம் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்துத்தான் அதை நிரப்ப முடியும், அதற்கு வழி இருக்கிறது, சென்னையில் இருக்கும்போதே தொடங்கலாம். சேர்க்கை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

சேர்க்கையும் கல்லூரியும்

பி.எஸ்சி. ஆனர்ஸ் வேளாண்மை நான்கு வருடப் படிப்பு, எட்டு செமஸ்டர். நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. நான்கு பாடங்கள், ஒவ்வொன்றும் 50-க்குச் சுருக்கப்பட்டு மொத்தம் 200. இயற்பியலில் 70, வேதியியலில் 90, உயிரியலில் 84, கணக்கில் 80 என்றால் 35, 45, 42, 40 கூட்டி உங்கள் கட் ஆஃப் 162. எந்தப் பாடக் குழுவுக்கு எந்தப் படிப்பு கிடைக்கும் என்பதை அந்த வருடக் கையேட்டில் வரி விடாமல் படியுங்கள், போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, சென்னை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே போகிறது. கோயம்புத்தூரில் தமிழ் வழியிலும் வேளாண்மையும் தோட்டக்கலையும் சொல்லித்தருகிறார்கள். வேறு மாநிலத்தில் படிக்க மனம் இருந்தால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு சி.யு.இ.டி. என்கிற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பள்ளியில் இருக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

வேளாண்மை மட்டும்தான் என்றும் இல்லை. பெரியகுளத்தில் தோட்டக்கலை, மேட்டுப்பாளையத்தில் வனவியல், குமுளூரில் வேளாண் பொறியியல். வீட்டை விட்டு அதிக தூரம் போக முடியாது என்கிற நிலை இருந்தால் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, வேப்பேரியில் 1903-லிருந்து இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; அங்கே படிப்பு ஐந்தரை வருடம், கட் ஆஃபும் மேலே நிற்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது சென்னையிலிருந்து எத்தனை மணி நேரம் என்று பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் வாழவச்சனூர் பக்கம்தான், கிள்ளிகுளம் ஒரு ராத்திரிப் பயணம், ஆனால் கிள்ளிகுளத்தில் படித்தால் தாமிரபரணிப் பாசனத்தைக் கண்முன்னே பார்ப்பீர்கள், ஈச்சங்கோட்டையில் படித்தால் டெல்டாவைப் பார்ப்பீர்கள், குடுமியான்மலையில் மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்கிற மானாவாரியும் வறட்சியும் என்னவென்று தெரிந்துகொள்வீர்கள். நகரத்துப் பிள்ளைக்கு இந்த அனுபவம் ரொம்பப் பெரியது. தனியார் கல்லூரி என்றால் மூன்று விஷயங்களை நேரில் போய்ப் பாருங்கள்: பண்ணை உண்மையிலேயே இருக்கிறதா, அதில் தண்ணீரும் பயிரும் இருக்கிறதா, உழவியல், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல் என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி ஆசிரியர்கள் இருக்கிறார்களா. ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், மேற்படிப்புக்குப் போகும்போது அது தேவைப்படும். கட்டடத்தைக் காட்டிவிட்டுப் பண்ணையைக் காட்டத் தயங்கும் கல்லூரி வேண்டாம்.

சேருவதற்கு முந்தைய கோடை

ரிசல்ட்டுக்கும் வகுப்பு ஆரம்பிப்பதற்கும் நடுவில் கொஞ்ச காலம் கிடைக்கும். அதைப் போனில் கழிக்காதீர்கள்.

முதலில் ரயில் ஏறுங்கள். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் பக்கமோ பொன்னேரி பக்கமோ மின்சார ரயிலில் போனால் போதும், வயல் தெரியும். இந்தப் பக்கத்து நெல் பருவங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல், மே மாதம் விதைப்பது சொர்ணவாரி, ஆகஸ்டில் சம்பா, டிசம்பர், ஜனவரியில் நவரை. பாடத்தில் குறுவை, சம்பா, தாளடி என்று டெல்டாக் கணக்கு நிறைய வரும், ஆனால் சென்னையைச் சுற்றிய மாவட்டங்களுக்கு சொர்ணவாரியும் நவரையும்தான் பழக்கமான பெயர்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். மதுராந்தகம் ஏரிக்கரையில் நின்று தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகு எங்கே, மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலங்கல் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் வயலுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வந்தால் பாசனப் பாடம் பாதி புரிந்துவிடும். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்வதை ஏரியில் பிடித்துவைத்து அதை நம்பித்தான் நவரை போடுகிறார்கள். சென்னை வெள்ளத்தை மட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு அதே மழையின் இன்னொரு முகம் அங்கே தெரியும்.

திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் அங்கே பிறந்தவை. டி.கே.எம். 6 என்கிற ரகத்தைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பெற்றோர் ரகமாக எடுத்துத்தான் ஐ.ஆர். 20-ஐ உருவாக்கியது. ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்க விளைந்த, உங்கள் பாட்டி வாங்கிச் சமைத்திருக்கக்கூடிய அரிசி அது. மின்சார ரயில் போகிற தூரத்தில் அந்த வேலை நடந்திருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. போகும்போது ரகப் பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: கோ என்றால் கோயம்புத்தூர், ஏ.டி.டி. ஆடுதுறை, ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரம், டி.எம்.வி. திண்டிவனம், வி.ஆர்.ஐ. விருத்தாசலம், பி.கே.எம். பெரியகுளம். வீட்டுக் குழம்பில் போடுகிற பி.கே.எம். 1 முருங்கை எங்கிருந்து வந்தது என்று இனிமேல் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் கோயம்பேடு. விடியற்காலையில் போங்கள். தக்காளிப் பெட்டி ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் இறங்கும், பெரிய வெங்காயம் மகாராஷ்டிரத்திலிருந்து வரும். ஒரு காயை எடுத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை மொத்த விலையையும் உங்கள் தெருக்கடை விலையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள், மழை பெய்தபோது என்ன ஆனது, முகூர்த்த நாளில் என்ன ஆனது என்று பக்கத்திலேயே குறிப்பு வையுங்கள். வேளாண் பொருளாதாரத்தில் நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்குவதும் விற்பதும் எவ்வளவு மாறும்), விலைப் பரவல் (விவசாயிக்குக் கிடைக்கிற விலைக்கும் நாம் கொடுக்கிற விலைக்கும் உள்ள இடைவெளி) என்று பாடம் வரும்போது அந்த நோட்டு பக்கத்தில் இருந்தால் புத்தகம் ஒரு பாரமாகவே இருக்காது.

தெருவிலும் வேலை இருக்கிறது. கல்லூரியில் களைச்செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஹெர்பேரியமாக ஒட்டச் சொல்வார்கள், பிள்ளைகள் கடைசி வாரத்தில் அலைவார்கள். அருகம்புல், கோரை, சாரணை, மூக்கிரட்டை, குப்பைமேனி, பார்த்தீனியம் எல்லாம் சென்னைக் காலி மனையிலேயே கிடைக்கும். தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், பூ எப்படி, வேர் எப்படி, இவ்வளவும் தெரிந்துகொண்டு போங்கள். தென்னை மரம் இருக்கிற வீடென்றால் ஓலையின் கீழ்ப்புறத்தைப் பாருங்கள், வட்ட வட்டமாக வெள்ளைப் பொடி இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ; அது கழிக்கிற இனிப்புத் திரவம் கீழே விழுந்து, கீழ் மட்டைகள் கரும்பூசணம் படிந்து கறுத்துப்போயிருக்கும். பூச்சியியல் முதல் பாடம் மொட்டைமாடியிலேயே முடிந்தது.

வகுப்பில் எப்படிப் படிப்பது

முதல் வருடம் பெயர்கள் மலைபோல் வந்து விழும். பயிரின் பெயர், குடும்பம், பூச்சியின் பெயர், நோய்க் கிருமியின் பெயர், எல்லாம் லத்தீன். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் செமஸ்டர் முடிந்ததும் போய்விடும். ஒரு பயிரை எடுத்து, விதையிலிருந்து அறுவடை வரை நாள் கணக்கு வைத்து, அந்தந்த நாளில் என்ன களை, என்ன பூச்சி, என்ன நோய், என்ன உரம், எவ்வளவு தண்ணீர் என்று ஒரே நீளத் தாளில் எழுதுங்கள். நெல்லுக்கு ஒன்று, நிலக்கடலைக்கு ஒன்று, வாழைக்கு ஒன்று. ஐந்து துறைகளின் பாடமும் அந்த ஒரு தாளில் வந்து உட்காரும். விவசாயிக்கு அது ஐந்து பாடம் கிடையாது, அவருக்கு அது ஒரு வயல்.

பூச்சியின் பெயரை ஊர்ப் பெயரோடு சேர்த்துப் படிப்பது ரொம்ப முக்கியம். புகையான், ஆனைக்கொம்பன், குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, குலைநோய் என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஒரு அம்மா வந்து "பயிர் வட்ட வட்டமா கருகுது சார்" என்று சொன்னால் தூரின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற புகையான் உங்களுக்கு ஞாபகம் வர வேண்டும், தூரைப் பிரித்து அடியில் பார்க்கத் தோன்ற வேண்டும். மருந்து எழுதுவதற்கு முன்னால் எண்ணிப் பார்க்கிற பழக்கம் வேண்டும்: நெல்லில் குருத்துப்பூச்சிக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் அல்லது 10 சதவீதம் நடுக்குருத்து காய்ந்திருந்தால்தான் பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்துச் செலவுக்குப் பலன் கிடைக்கிற அளவு, அதற்குக் கீழே இருந்தால் தெளிப்பது வீண் செலவு. தெளிக்காமலே தீர்ந்த கதைகளையும் படியுங்கள். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றிலும் பரவி விவசாயிகளை அழவைத்தது, எந்த மருந்தும் சரியாக நிற்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, பெருக்கி, வயலில் விட்ட பிறகுதான் அடங்கியது. பூச்சியியல் என்றால் மருந்துக்கடை என்று நினைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் இது.

இப்போது கணக்கு. நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகள்கூட வயலில் திணறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பாடத்தில் எல்லாமே ஹெக்டேருக்கு இத்தனை கிலோ. விவசாயி கேட்பது ஏக்கருக்கு எத்தனை மூட்டை. சென்னைக்காரருக்கு கிரவுண்ட் தெரியும், 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர், அதாவது பதினெட்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் மா என்பார்கள், மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். குழிக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 40 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 40 கிலோ சாம்பல்சத்து (பொட்டாசியம்) கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விவசாயியிடம் டி.ஏ.பி., யூரியா, பொட்டாஷ் இருக்கிறது. டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழை, 46 சதவீதம் மணி. 40 கிலோ மணிச்சத்துக்கு 87 கிலோ டி.ஏ.பி. வேண்டும், அதிலேயே கிட்டத்தட்ட 16 கிலோ தழையும் வந்துவிடும். மீதி 104 கிலோ தழைச்சத்து யூரியாவிலிருந்து. யூரியாவில் 46 சதவீதம், ஆக 226 கிலோ. பொட்டாஷில் 60 சதவீதம், ஆக 67 கிலோ. ஏக்கருக்கு மாற்றினால் டி.ஏ.பி. 35 கிலோ, யூரியா 92, பொட்டாஷ் 27. யூரியா மூட்டை 45 கிலோ, அதனால் ஏக்கருக்கு இரண்டு மூட்டை சொச்சம், அதையும் ஒரே தடவையில் கொட்டாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று பிரித்துப் போட வேண்டும். இந்தக் கணக்கைப் பேப்பர் இல்லாமல் வரப்பில் நின்று சொல்ல வரும்வரை போட்டுப் பாருங்கள். டி.ஏ.பி.யில் இருக்கிற தழையைக் கழிக்க மறந்தால் யூரியா கூடிப்போகும், யூரியா கூடினால் பயிர் கரும்பச்சையாகப் பார்க்க அழகாக இருக்கும், புகையானும் குலைநோயும் பின்னாலேயே வரும். தெளிப்புக் கணக்கும் இதே மாதிரிதான்: ஹெக்டேருக்கு 500 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர், பத்து லிட்டர் டேங்க் என்றால் இருபது டேங்க்.

மண்ணை விரலால் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஈரமண்ணை உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாவாக இழுங்கள். நீளமாக வந்தால் களி, உடைந்து உடைந்து வந்தால் மணல் கூடியது. பெசன்ட் நகர் மணலில் தொடங்கி, போகிற ஊரிலெல்லாம் இதைச் செய்து பாருங்கள்.

பயிர் சாகுபடிப் பிராக்டிகலுக்கு ஒரு பாத்தி கொடுப்பார்கள். உழுவது, பாத்தி கட்டுவது, நடுவது, களை எடுப்பது எல்லாம் உங்கள் கையால். பண்ணையில் வேலை செய்கிற அக்காக்களை விட்டுச் செய்யச் சொல்லிவிட்டு ரெக்கார்டு நோட்டில் மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதுகு வலிக்க ஒரு பாத்தி களை எடுத்தால்தான் களைக்கொல்லியை விவசாயி ஏன் தேடிப் போகிறார் என்று புரியும், ஆள் கூலி ஏன் சாகுபடிச் செலவில் அவ்வளவு பெரிய பங்கு என்பதும் புரியும். அந்த அக்காக்களிடம் வேலை கற்றுக்கொள்ளுங்கள், நாற்றுப் பறிப்பதை அவர்களைவிட நன்றாக எந்த ஆசிரியரும் சொல்லித்தர முடியாது.

கிராமத்தில் தங்கும் காலம்

கடைசி வருடத்தில் ஊரக வேளாண்மைப் பணி அனுபவம் என்று கிராமத்துக்கு அனுப்புவார்கள். குழுவாகத் தங்கி, விவசாயிகளோடு வேலை செய்து, செயல்விளக்கம் காட்ட வேண்டும். சென்னைப் பிள்ளைகளுக்கு நான்கு வருடத்தில் இதைவிட மதிப்பான காலம் கிடையாது.

போன முதல் வாரம் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள், கேளுங்கள். வயலில் கால் வைப்பதற்கு முன் "ஐயா, உள்ளே வரலாமா" என்று ஒரு வார்த்தை. நெல் வயலில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், வரப்பில் ஓரத்தை மிதித்து உடைக்காதீர்கள். ஊர்க்காரர்களை ஊர் வரைபடத்தைக் கோலப்பொடியால் தரையில் போடச் சொல்லும்போது ஆண்கள் முதலில் கோயில், பஞ்சாயத்து ஆபீஸ், பம்புசெட் என்று போடுவார்கள். அதே வரைபடத்தைப் பெண்களைத் தனியாகப் போடச் சொல்லிப் பாருங்கள், குடிதண்ணீர்க் குழாயும் மாடு மேய்கிற இடமும் விறகு பொறுக்குகிற இடமும் வரும். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது, பூச்சி வருவதை முதலில் பார்ப்பவர்களும் அவர்கள்தான், ஆனால் கூட்டம் போட்டால் முன்வரிசையில் ஆண்கள்தான் உட்காருவார்கள். நீங்களாகப் போய்ப் பேச வேண்டும்.

செயல்விளக்கத்துக்குச் செலவில்லாததை எடுங்கள். உப்புக் கரைசலில் முட்டை மிதக்கிற பதம் பார்த்து விதைநெல்லைப் போட்டுப் பதரைப் பிரிப்பது, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி கலந்து விதை நேர்த்தி, வேப்பங்கொட்டைக் கரைசல். ஐந்து சதவீதக் கரைசல் என்றால் நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ வேப்பம்பருப்பு; இடித்து, ராத்திரி ஊறவைத்து, காலையில் வடிகட்டி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து, சாயங்காலம் தெளிக்க வேண்டும். தெரியாத கேள்வி வந்தால் உத்தேசமாகப் பதில் சொல்லாதீர்கள். மாதிரியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, பேராசிரியரிடம் காட்டி, மறுநாள் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். தவறான மருந்தை ஒரு டேங்க் அடித்தாலும் நஷ்டம் அவருக்குத்தான்.

படித்து முடித்த பிறகு

வேலை பற்றி வீட்டில் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. மூலம் வேளாண்மை அலுவலர், தோட்டக்கலை அலுவலர், ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வு மூலம் வங்கிகளில் வேளாண் கள அலுவலர், நபார்டு, விதை, உர, பூச்சிமருந்து நிறுவனங்கள், யு.பி.எஸ்.சி.க்கு வேளாண்மையை விருப்பப் பாடமாக எடுக்கிறவர்களும் நிறைய. ஆராய்ச்சிக்குப் போக ஆசை என்றால் எம்.எஸ்சி., பிஎச்.டி. கும்பகோணத்தில் பிறந்து, கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் தரமணியில்தான் இருக்கிறது, விடுமுறையில் போய் அங்கே என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள்.

சொந்தத் தொழில் என்றால் 2002-லிருந்து வேளாண் மருத்துவமனை, வேளாண் தொழில் மையத் திட்டம் என்று மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது, 45 நாள் இலவசப் பயிற்சி, அப்புறம் கடனும் மானியமும். பூச்சிமருந்துக் கடைக்கு உரிமம் வாங்க இப்போது கல்வித் தகுதி வேண்டும், உங்கள் பட்டம் அதற்குச் செல்லும். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் மூன்றாம் வருடத்திலேயே பழைய வினாத்தாள்களை எடுத்துவையுங்கள். கடைசி வருடத்தில் கிராமத்தில் இருக்கும்போது படிக்க நேரம் கிடைக்காது, அந்த நேரத்தில் படிக்கவும் வேண்டாம், வயலில் இருங்கள்.